திரவ நைட்ரஜன் தொட்டிக்கு 3.5 விழுக்காடு நிக்கல் எஃகு

ஐயா, ஒரத்தநாட்டில் கால்நடைச் சினையூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகள் வைக்கும் கிடங்குக்குத் திரவ நைட்ரஜன் தொட்டி செய்ய, தங்கள் பட்டறையில் மிஞ்சியுள்ள 3.5 விழுக்காடு நிக்கல் எஃகுத் தகடு போதுமா, குளிரில் எஃகின் வலிமை கூடத்தானே செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. வலிமை கூடுவது உண்மைதான். ஆனால் அதே குளிரில் அடியைத் தாங்கும் குணம் சரிந்துவிடுகிறது. வெப்பநிலை இறங்க இறங்க இவ்வகை எஃகின் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் வழுக்கி நகர்வது கடினமாவதால், நெளிந்து கொடுக்க வேண்டிய இடத்தில் விரிசல் ஓடிவிடுகிறது. ஒருமுறை சாதாரண எஃகுத் துண்டொன்றைத் திரவ நைட்ரஜனில் ஊறவைத்துச் சுத்தியலால் தட்டினேன். அது சற்றும் வளையாமல் ஓட்டுச்சில் போல உடைந்தது, முறிந்த முகம் கற்கண்டாக மினுங்கியது.

நிக்கல் சேர்ப்பது அந்த முறிவு தொடங்கும் வெப்பநிலையைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவே. 3.5 விழுக்காட்டுத் தகட்டை ஏறத்தாழ −100 பாகை செல்சியஸ் வரைதான் நம்பலாம். திரவ நைட்ரஜனோ −196 பாகையில் கொதிக்கிறது. அதற்கு 9 விழுக்காடு வேண்டும். ஆனால் அந்த எஃகில் காந்தம் எளிதில் ஏறி, வெல்டிங்கின்போது ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்வில்) இணைப்பை விட்டு ஒதுங்கும். அதை வெல்டிங் செய்யப் பயன்படும் நிக்கல் அடிப்படையிலான ராடின் விலையோ தலைசுற்ற வைக்கும்.

சிறிய தொட்டிக்கு 304எல் ஸ்டெயின்லெஸ் தகடே என் தேர்வு. அதன் படிக அமைப்பே வேறு என்பதால் இந்தத் திடீர் முறிவு அதில் நேராது. திரவ நைட்ரஜன் நிற்கும் உள்தொட்டியைத் தொடும் தாங்கிகளையும் அதிலேயே செய்யுங்கள், வெல்டிங் மாதிரிகளை −196 பாகையில் சார்பி சோதனைக்கு (வெட்டுப்போட்ட துண்டை ஊசல் சுத்தியால் அடித்து, அடியைத் தாங்கும் குணத்தை அளக்கும் சோதனை) அனுப்புங்கள்.