காணி கிடக்கட்டும், கொப்பியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துச் சங்கானையிலிருந்து தாயும் தகப்பனும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள், நடுவில் வாய் திறக்காத மகள். உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு கிழமைதான். கலைப்பிரிவு, நாடகமும் அரங்கியலும் பாடத்தில் ஏ, மற்ற இரண்டும் மோசமில்லை. கனடாவில் இருக்கும் மாமா முடிவு சொல்லிவிட்டாராம்: கொழும்பில் ஒரு தனியார் வளாகத்தில் முகாமைத்துவப் பட்டம். முதல் வருடக் காசு அவர் தருவார், மிச்சத்துக்குத் தோட்டக் காணியை ஈடு வைக்கலாம். பிள்ளையோ நாடகம் படிக்கப் போகிறேன் என்கிறாள். “கம்பசுக்குப் போய் ஆட்டக்காரியாகவோ வரப்போறாள்? சனம் என்ன சொல்லும் சேர்?” என்று தாய் கண்ணைத் துடைத்தார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன். அம்மா, அன்று பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் காசு. முதல் வருடத்துக்குத் தருகிறவர் இரண்டாம், மூன்றாம் வருடத்துக்கும் எழுதித் தருவாரா? கேட்டுப் பாருங்கள். கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, ஈட்டுக் காசின் வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மனமில்லாத பிள்ளை நடுவில் விட்டு வந்தால் அரைப் பட்டத்துக்கு யாரும் வேலை தரமாட்டார்கள், காணியும் கையில் இருக்காது. அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் கட்டணமே இல்லாத நாட்டில், தகுதியுள்ள பிள்ளைக்காகக் காணியை ஈடு வைப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது அந்த ‘ஆட்டக்காரி’. 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், அதற்கு முன் 1960களில் பேராதனையில் மாணவரை ஆடவைத்துக் கூத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர். உங்கள் உறவினர் மதிக்கிற அந்தக் கம்பசின் வரலாற்றிலேயே கூத்து இருக்கிறது. சனத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இனி பிள்ளை. “பள்ளிக்கூட நாடகத்தில் என்ன பாத்திரம்?” என்று கேட்டேன். “நான் நடிக்கேல்லை சேர்” என்றாள். வீட்டில் இத்தனை நாள் நடந்த சண்டை, இல்லாத ஒரு நடிகையைப் பற்றியது! தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போன நாடகத்தில் அவள் திரைக்குப் பின்னால் நின்றவள். பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள். இடப்பக்கத்தில் வசனம். வலப்பக்கத்தில் பென்சிலால், யார் எந்தப் பக்கத்தால் வருவது, எந்தச் சொல்லில் ஹார்மோனியம் தொடங்குவது, எப்போது லைற்றைக் குறைப்பது, கிரீடம் யார் கையில் என்று எல்லாம் இருந்தன. போட்டி நாள் காலை ஒரு வாள் காணாமல் போயிற்றாம். இவள் மட்டைவாள் ஒன்றை முதல் நாளே மேலதிகமாக வெட்டி வைத்திருந்தாளாம். இதை நீங்கள் இருவரும் அன்றுதான் முதல்முறை கேட்டீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது.

இந்த வேலைக்குப் பெயர் மேடை முகாமை. மாமா கேட்கிற முகாமைத்துவம்தான், கொஞ்சம் வியர்வையோடு.

நாடகத்துறை ஒன்று ஒரு வருடத்தில் நான்கு தயாரிப்புகளை எடுத்தால், பார்க்கிறவர்களுக்கு அது நான்கு மாலைப்பொழுது. உள்ளே வேலை செய்கிறவளுக்கு முழு வருடம். ஒரு வசன நாடகம் என்றால், ஒத்திகை அறை மேடையின் அளவில் இருக்காது. மண்டபத்தை அளந்துவந்து வாசல் எங்கே, கதிரை எங்கே என்று நிலத்தில் சோக்கால் கீற வேண்டும். கூத்து என்றால் வட்டக்களரி. நாலு பக்கமும் சனம், ஒருவர் முகத்துக்கு அடிக்கிற லைற் எதிரே இருப்பவரின் கண்ணைக் குத்தும். இசைநாடகம்தான் மிகக் கடினம். பாடகரின் சுருதி, பக்கவாத்தியக்காரர் எங்கே இருந்தால் பாடகரைப் பார்க்கலாம், மைக்கை எந்த வேட உடையில் எப்படி மறைப்பது என்று தலை சுற்றும். வசனத்தில் அரைச் செக்கன் பிந்தினால் யாருக்கும் தெரியாது. பாட்டில் தாளம் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரமும் படிப்புத்தான். ஆயிரம் வாற் விளக்கு ஒன்று நமது 230 வோல்ற்றில் நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் மூன்றாவதைக் கொழுவும்போதே எல்லை வந்துவிடும். இது தெரியாமல் நாலாவதைக் கொழுவி, உச்சக் காட்சியில் மண்டபத்தையே இருட்டாக்கிய நாடகம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சனம் அதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டியது.

மேடையேற்ற நாளில் நெறியாளர் பார்வையாளரோடு போய் இருந்துவிடலாம். திரை விலகுவது முதல் மூடுவது வரை பொறுப்பு மேடை முகாமையாளருடையது. இருபது வயதில் முப்பது பேரை நேரத்துக்கு நிற்கவைத்துப் பழகிய பிள்ளையை எந்த நிறுவனமும் இலேசில் விடாது.

வேலை எங்கே என்பீர்கள். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பட்டமளிப்பு, நேரலை என்று எங்கள் ஊரில் வருடம் முழுக்க மேடை போடுகிறார்கள். சாமான் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், திட்டமிடத் தெரிந்தவர்கள் குறைவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில், 2023 இல் மக்களிடம் கையளித்த கலாசார மையத்தின் பெரிய அரங்கையும் யாராவது இயக்கத்தானே வேண்டும்? பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே நாடகம் ஓர் அழகியல் பாடம், ஆசிரியர் தேவை. ஆனால் பட்டம் கிடைத்த மறுநாளே அரச நியமனம் வரும் என்று நான் சொல்லவில்லை. காத்திருக்க நேரலாம். அதனால்தான் படிக்கிற காலத்திலேயே சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக வேண்டும், ஒலிக்கலவைப் பலகையில் கை வைக்க வேண்டும், ஒவ்வொரு தயாரிப்பின் கொப்பியையும் படங்களோடு பத்திரமாக வைக்க வேண்டும். தங்கச்சி, இதில் சோம்பினால் மாமா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இதுதான். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலின் இந்த ஆண்டுப் பதிப்பை எடுங்கள், பழையதை நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்தோடு மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும் பாருங்கள். எதற்குச் செயன்முறைத் தேர்வு இருக்கிறது, எந்த உயர்தரப் பாடம் வேண்டும் என்பதைக் கோடிட்டு வையுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பு முதல், எது அடுத்தது என்ற தெரிவு ஒழுங்கைப் பிள்ளை தன் கையால் நிரப்பட்டும். அந்த நேரம் பக்கத்தில் இருங்கள், ஆனால் கனடாவுக்கு அழைப்பு எடுக்காதீர்கள்.

மாமாவோடு நான் கதைக்கிறேன். உதவ வேண்டும் என்று உண்மையிலேயே மனமிருந்தால் ஒரு நல்ல மடிகணினி வாங்கி அனுப்பட்டும். தோட்டத்தில் இந்தமுறையும் வெங்காயத்தையே நடுங்கள்.