ஹாங்காங்கில் இரண்டு நாட்கள்: நகரமும் மலையும் ஒரே பயணத்தில்

கேள்வி: நவம்பரில் மனைவி, பன்னிரண்டு வயது மகன் ஆகியோருடன் ஹாங்காங் செல்கிறேன். கையில் இரண்டு நாட்களே உள்ளன. நகரத்துக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள் என்று ஒதுக்கலாமா? வழிகாட்டி இல்லாமல் மலைப்பாதையில் நடக்க முடியுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அப்படிப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஹாங்காங்கின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட வனப்பூங்காக்கள் என்பதாலும், பல மலைப்பாதைகள் நகரப் பேருந்து நிறுத்தத்திலேயே தொடங்குவதாலும், காலையில் மலை, மாலையில் கடைவீதி என ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.

முதல் நாளுக்கு டிராகன்ஸ் பேக் பாதையைப் பரிந்துரைக்கிறேன். சென்ட்ரல் பகுதியிலிருந்து மெட்ரோவில் விரைவாகச் செல்லலாம் என்றாலும், 1904-இல் தொடங்கிய டிராம் சேவையின் இரட்டைமாடி வண்டியில் மேல்தளத்தின் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஷாவ் கெய் வான் வரை போவதே என் விருப்பம். கடைப் பலகைகளும், அடுக்குமாடி வீடுகளில் காயும் துணிகளும் கண்ணெதிரே நகர, நகரத்தின் பாதி அந்தப் பயணத்திலேயே அறிமுகமாகிவிடும். டிராமில் பின்வாசல் வழியே ஏறி, இறங்கும்போது கட்டணம் செலுத்த வேண்டும். பேருந்தில் ஏறும்போதே செலுத்த வேண்டும். முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் ஆக்டோபஸ் அட்டை இருந்தால் இரண்டிலும் சில்லறைத் தொல்லை இல்லை.

ஷாவ் கெய் வானில் 9-ஆம் எண் பேருந்தில் ஏறி, தோ தெய் வான் நிறுத்தத்தில் இறங்குங்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் ஏற்றம். அதன்பின் மலைமுகட்டிலேயே பாதை ஏறி இறங்கிச் செல்லும். உச்சமான ஷெக் ஓ சிகரம் 284 மீட்டர்தான். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முகட்டில் நிழல் கிடையாது, வழியில் கடையும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தொப்பியும் அவசியம். முகட்டைக் கடந்ததும் மரநிழலில் சமதளமாக நடந்து, பிக் வேவ் பே கடற்கரையில் இறங்கலாம். மொத்தம் 8.5 கிலோமீட்டர், மகனுடன் நின்று நிதானமாக நடக்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து மினிபஸ்ஸில் ஷாவ் கெய் வானுக்குத் திரும்பலாம்.

வழிகாட்டி தேவையில்லை. இப்பாதை 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஹாங்காங் டிரெயில் என்ற நெடும் நடைபாதையின் எட்டாம் பகுதி. அந்த டிரெயில் நெடுகிலும் 500 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட கம்பங்கள் நடப்பட்டுள்ளன. கடந்துவந்த கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது மகனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். ஆபத்து நேர்ந்து 999-ஐ அழைத்தால், அந்த எண்ணைச் சொன்னாலே மீட்புக் குழுவினருக்கு இடம் தெரிந்துவிடும். நவம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பிற்பகல் ஒரு மணிக்குப் பின் நடக்கத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் நாள், விக்டோரியா பீக்குக்கு 15-ஆம் எண் பேருந்தில் சென்று, லுகார்ட் சாலை, ஹார்லெக் சாலை வழியாக மலையைச் சுற்றும் 3.5 கிலோமீட்டர் சமதளப் பாதையில் நடந்தால், துறைமுகமும் வானளாவிய கட்டடங்களும் கீழே விரியும். மாலையில் ஸ்டார் ஃபெர்ரி படகில் சிம் ஷா சுய் சென்றால், அங்குள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இந்திய உணவு கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது: இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா செல்வோர் வருகைக்கு முந்தைய பதிவை இணையத்தில் செய்து, அதன் அச்சுப் படியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மூவருக்கும் தனித்தனியே பதிவு செய்துவிட்டு விமானச் சீட்டு வாங்குங்கள்.