மெஷின் விஷன் கேமரா சாஃப்ட்வேர்ல வரமாட்டேங்குதா? கேளுங்க, சொல்றேன்

ஃபேக்டரி லைன்ல மாட்டுற கேமராவ ஓப்பன்சிவி, ஹால்கான், லேப்வியூ மாதிரி இமேஜ் ப்ராசஸிங் சாஃப்ட்வேரோட கோக்குறதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு: படம் வரலன்னா உடனே உங்க கோட நோண்டாதீங்க, கேமரா கம்பெனி குடுக்குற வியூவர்ல படம் ஒழுங்கா வருதான்னு முதல்ல பாருங்க. அங்கயே வரலன்னா கோளாறு கேபிள்லயோ நெட்வொர்க்லயோ பவர்லயோ இருக்கு, உங்க ப்ரோக்ராம எத்தன தடவ மாத்தி எழுதினாலும் சரியாகாது.

அக்கா, ஓப்பன்சிவில வீடியோகேப்சர் ஜீரோன்னு குடுத்தா லேப்டாப் கேமராதான் ஓப்பன் ஆகுது. 1, 2ன்னு மாத்தியும் பாத்துட்டேன், நெட்வொர்க் கேபிள்ல மாட்டின கிக்-ஈ கேமரா வரவே இல்ல. டிரைவர் ஏதும் போடணுமா?

வராது தம்பி. அந்த நம்பர் எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வெப்கேமாத் தெரியிற கேமராவுக்குத்தான். உங்க கேமரா பேசுறது கிக்-ஈ விஷன்ங்கிற வேற பாஷை, 2006ல வந்த ஸ்டாண்டர்ட், யூடிபி (அனுப்பினது போய்ச் சேந்துச்சான்னு பாக்காத நெட்வொர்க் முறை) மேல ஓடுது, விண்டோஸுக்கு அது ஒரு கேமரான்னே தெரியாது, நெட்வொர்க்ல இன்னொரு டிவைஸ் அவ்ளோதான். அதனால நடுவுல ஒரு ஆள் வேணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்பெனியோட எஸ்டிகே, அதாவது கேமராவ நம்ம ப்ரோக்ராம்ல இருந்து ஓட்ட அவங்க குடுக்குற சாஃப்ட்வேர் தொகுப்பு. பேஸ்லர்னா பைலான், அதுக்கு பைத்தான்ல பைபைலான், டெலிடைன் ஃப்ளிர்னா ஸ்பின்னேக்கர், ஹிக்ரோபாட்னா எம்விஎஸ், இப்படி. அதுல ஃப்ரேம வாங்கி நம்பை அர்ரேயா மாத்திட்டா அதுக்கப்புறம் ஓப்பன்சிவிக்கு அது சாதாரண படம்.

இன்னொண்ணு ஜெனிகேம் வழி, அதாவது எந்த கம்பெனி கேமராவையும் ஒரே மாதிரி ஓட்டுறதுக்கான பொது ஸ்டாண்டர்ட், எனக்குப் பிடிச்சது இதுதான். ஒவ்வொரு ஜெனிகேம் கேமராவும் தன்கிட்ட என்னென்ன செட்டிங் இருக்கு, அதோட லிமிட் என்ன, எந்த ரிஜிஸ்டர்ல எழுதணும்னு எல்லாத்தையும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலா விவரிச்சு வச்சிருக்கும், பெரும்பாலும் கேமராவுக்குள்ளயே இருக்கும். சாஃப்ட்வேர் கனெக்ட் ஆனதும் அதப் படிச்சுக்கும். எக்ஸ்போஷர் டைம், கெயின், பிக்சல் ஃபார்மட்னு முக்கியமான பேரெல்லாம் எந்த கம்பெனி கேமராவுலயும் ஒண்ணாவே இருக்கணும்னு தனியா ஒரு பட்டியலும் இருக்கு. படத்த இழுத்துட்டு வர்ற வேலைய கம்பெனியோட சிடிஐ ஃபைல் செய்யும், அதத்தான் ஜென்டிஎல் ப்ரொட்யூசர்னு சொல்றது. பைத்தான்ல ஹார்வெஸ்டர்ஸ் லைப்ரரிக்கு அந்த சிடிஐ ஃபைலோட பாத்த குடுத்தா போதும், நாளைக்கு வேற கம்பெனி கேமரா வாங்கினாலும் கோட் பெருசா மாறாது. ஹால்கான், மேட்லாப்ல கூட இதே சிடிஐ வழியா போகலாம். 64 பிட் சாஃப்ட்வேருக்கு 64 பிட் சிடிஐ வேணும், இது மாறிப்போனா எரர் எதுவும் தெளிவா வராது, கேமரா லிஸ்ட் காலியா நிக்கும். லினக்ஸ்ல கம்பெனி சாஃப்ட்வேரே வேணாம்னா அராவிஸ்னு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, நல்லாவே ஓடும்.

வியூவர்ல கேமரா பேர் தெரியுது, ஆனா ஓப்பன் பண்ணா எரர் வருது மேடம். பேரு தெரியிறப்போ கனெக்ஷன் சரியாத்தானே இருக்கணும்?

இதுல நிறைய பேர் குழம்புறாங்க. கேமராவ தேடுறது ப்ராட்காஸ்ட் மெசேஜ்ல, அதனால ஐபி தப்பா இருந்தாலும் கேமரா "இருக்கேன்"னு பதில் சொல்லிடும். ஓப்பன் பண்றப்போ நேரா அந்த ஐபிக்குத்தான் பேசணும், அங்க சப்நெட் வேறயா இருந்தா ரூட்டே கிடையாது. டிஹெச்சிபி இல்லன்னா கேமரா தானா 169.254ல ஒரு ஐபி எடுத்துக்கும், உங்க கார்டு 192.168ல இருக்கும், எங்க சேரும்? கேமராவுக்குன்னு தனி நெட்வொர்க் கார்டு போடுங்க, ரெண்டுக்கும் ஃபிக்ஸட் ஐபி குடுங்க, கார்டு 192.168.10.1 கேமரா 192.168.10.2 மாஸ்க் 255.255.255.0ன்னு. ஆஃபீஸ் லேனோட சப்நெட் இதே நம்பரா இருக்கக் கூடாது, ரெண்டு கார்டு ஒரே சப்நெட்ல இருந்தா பாக்கெட் எந்தப் பக்கம் போகும்னே சொல்ல முடியாது.

ஐபி சரியா இருந்தும் ஓப்பன் ஆகலன்னா வேற ஒரு ப்ரோக்ராம் அத பிடிச்சு வச்சிருக்கும். ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் கன்ட்ரோல். வியூவர மூடாமலே ஹால்கான்ல ஓப்பன் பண்ணிப் பாக்குறதுதான் வழக்கமா நடக்குறது. ஓப்பன் ஆகி செட்டிங் எல்லாம் மாத்த முடியுது, படம் மட்டும் ஒண்ணு கூட வரலன்னா ஃபயர்வால பாருங்க, லினக்ஸ்ல ஆர்பி ஃபில்டர (எதிர்பாக்காத பக்கத்துல இருந்து வர்ற பாக்கெட்ட தள்ளிடுற செட்டிங்) பாருங்க.

5 மெகாபிக்சல் கலர் கேமரா, செகண்டுக்கு 30 ஃப்ரேம் வேணும், கேமராவுல இருந்து கம்ப்யூட்டர் 15 மீட்டர் தூரம். கிக்-ஈயா யூஎஸ்பி3யா?

முதல்ல கணக்கு. 2448 பெருக்கல் 2048, பிக்சலுக்கு ஒரு பைட்னா ஒரு படம் சுமார் 5 எம்பி. 30 ஃப்ரேமுக்கு 150 எம்பி. ஒரு கிகாபிட் லைன்ல தியரிப்படியே 125 எம்பிதான் போகும், கைக்கு வர்றது 115 பக்கம். ஆக 23 ஃப்ரேமுக்கு மேல வராது. பிக்சல் ஃபார்மட்ட ஆர்ஜிபி8ன்னு வச்சிட்டீங்கன்னா ஒரு பிக்சலுக்கு மூணு பைட், 7 ஃப்ரேம்தான் வரும், கேமரா ஸ்லோன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ற பாதி பேருக்கு காரணம் இதுதான். எப்பவும் பேயர் 8 பிட்ல (பிக்சலுக்கு ஒரு கலர் மட்டும் உள்ள சென்சாரோட அசல் படம்) அனுப்பி கலர கம்ப்யூட்டர்ல மாத்திக்கோங்க.

யூஎஸ்பி3ல 350 எம்பிக்கு மேல போகும், வேகம் தாராளம், ஆனா சாதா கேபிள் 3 மீட்டர், நல்ல கேபிள்னா 5 மீட்டர், அதுக்கு மேல ஆப்டிகல் கேபிள் வேணும். கிக்-ஈ 100 மீட்டர் வரைக்கும் போகும். உங்களுக்கு 15 மீட்டர்னு சொல்றதால நான் கிக்-ஈ பக்கம்தான் நிப்பேன். பாக்க வேண்டிய பொருள் படத்தோட மொத்த உயரத்தையும் அடைக்கலன்னா 1400 வரி மட்டும் எடுங்க, செகண்டுக்கு 103 எம்பி ஆயிடும், 30 ஃப்ரேம் உள்ள அடங்கிடும். முழுப் படமும் வேணும்னா 2.5 கிக் இல்ல 5 கிக் கேமரா பாருங்க, அதே கேபிள் வகைதான், நெட்வொர்க் கார்டுதான் மாறும். கோஆக்ஸ்பிரஸ், கேமரா லிங்க் மாதிரி வேற கனெக்ஷன் வகை எல்லாம் இதுக்குத் தேவையே இல்ல, படத்த வாங்குற ஃப்ரேம் கிராபர் கார்டுக்கு தனியா காசு போகும்.

படத்தோட கீழ்ப் பகுதி சில சமயம் கருப்புப் பட்டையா வருது, சில சமயம் ஃப்ரேமே வரமாட்டேங்குது. பக்கத்து மெஷின் மோட்டார் ஓடுறப்போ அதிகமா இருக்கு. சாஃப்ட்வேர் பக் தானே?

மோட்டார் ஓடுறப்போ அதிகமாகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுதான் முக்கியமான துப்பு. இது பாக்கெட் லாஸ். சாதா 1500 பைட் பாக்கெட்ல 5 எம்பி படம் சுமார் 3,400 துண்டா வருது, யூடிபில எதுவும் தானா திரும்ப வராது, தொலைஞ்ச துண்டை சாஃப்ட்வேர்தான் கேமராகிட்ட திரும்பக் கேட்டு வாங்கணும், அதுக்குள்ள நேரம் தாண்டிட்டா அந்த இடம் கருப்பா நிக்கும். முதல்ல கேபிள் போற வழிய பாருங்க. மோட்டார் டிரைவோட பவர் கேபிளும் கேமரா கேபிளும் ஒரே ட்ரேல கட்டியிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும்னு டை போட்டு இறுக்கி வேற வச்சிருப்பாங்க. பிரிச்சு தனி வழியா விடுங்க, ஷீல்டு உள்ள கேபிளும் லாக் ஸ்க்ரூ உள்ள கனெக்டரும் போடுங்க, அதிர்வுல பிளக் லூஸ் ஆகுறதும் இதே மாதிரிதான் தெரியும்.

அப்புறம் கார்டு செட்டிங். ஜம்போ பாக்கெட்ட (1500 பைட்ட விடப் பெரிய பாக்கெட்) ஆன் பண்ணுங்க, விண்டோஸ்ல பெரும்பாலும் 9014ன்னு இருக்கும். கேமராவுலயும் பாக்கெட் சைஸ ஏத்துங்க, நடுவுல ஸ்விட்ச் இருந்தா அதுவும் ஜம்போ தாங்கணும், மூணுல ஒண்ணு தாங்கலன்னாலும் படமே வராது. 3,400 துண்டு சுமார் 560 ஆயிடும், ப்ராசஸருக்கு அவ்ளோ வேலை குறையும். ரிசீவ் பஃபர மேக்ஸிமம் வைங்க, கார்டோட பவர் சேவிங்க ஆஃப் பண்ணுங்க. கம்பெனியோட ஃபில்டர் டிரைவர் இருந்தா போடுங்க, லினக்ஸ்ல சாக்கெட் ரிசீவ் பஃபர் லிமிட்ட ஏத்துங்க.

இதே கேள்விய நாலு கேமரா வச்சிருக்கிறவரும் கேட்டிருந்தார், அவருக்கு மோட்டார் எல்லாம் இல்ல, நாலும் ஒரே ஸ்விட்ச் வழியா ஒரே கேபிள்ல கம்ப்யூட்டருக்கு வருது, ஒரே ட்ரிகர்ல (படம் எடுன்னு சொல்ற சிக்னல்) நாலும் சேந்து கொட்டுது. தலைக்கு 28 எம்பிதான் பங்கு. இன்டர் பாக்கெட் டிலேய (பாக்கெட்டுக்கு நடுவுல விடுற இடைவெளி) ஏத்தி ஒவ்வொரு கேமராவையும் நிதானமா அனுப்ப வைங்க, இல்ல நாலு போர்ட் பிஓஈ கார்டு ஒண்ணு வாங்குங்க. என்னக் கேட்டா கார்டுதான், பவரும் அதுலயே போயிடும்.

ப்ரோக்ராம்ல பிரேக் பாயின்ட் வச்சு நிறுத்தினா கொஞ்ச நேரத்துல கேமரா டிஸ்கனெக்ட் ஆயிடுது, ஏன்?

ஹார்ட்பீட். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேமரா பாத்துக்கிட்டே இருக்கும், பொதுவா 3 செகண்ட் வரைக்கும் சத்தமே இல்லன்னா கன்ட்ரோல விட்டுடும். டீபக் பண்றப்போ மட்டும் ஹார்ட்பீட் டைம்அவுட்ட கூட்டி வைங்க, லைனுக்குப் போறப்போ மறக்காம பழையபடி குறைச்சிடுங்க, இல்லன்னா ப்ரோக்ராம் க்ராஷ் ஆனா அந்த நேரம் முடியிற வரைக்கும் கேமரா திரும்ப ஓப்பன் ஆகாது.

சிவப்பு மூடி நீலமா தெரியுது, லென்ஸ் கோளாறா? இன்னொரு கேமராவுல 12 பிட் வச்சா படமே இருட்டு.

லென்ஸ் இல்ல. கேமரா பேயர் ஆர்ஜின்னு சொல்றத ஓப்பன்சிவி பழைய பேர்ல பேயர் பிஜின்னு சொல்லும், ரெண்டும் பேட்டர்ன வேற வேற இடத்துல இருந்து எண்ணுது. அதனால பேயர் பிஜி2பிஜிஆர் போடுங்க, சிவப்பு சிவப்பாயிடும். புது வெர்ஷன்ல ஆர்ஜிஜிபின்னு தெளிவா பேர் இருக்கு, அதையே போட்டா நல்லது. இருட்டுக்குக் காரணம், 12 பிட்ல அதிகபட்சம் 4095, அத 65535 வரைக்கும் இருக்கிற 16 பிட் படமா காட்டினா இருட்டாத்தான் தெரியும். காட்டுறதுக்கு மட்டும் 16ஆல பெருக்குங்க. அளவெடுக்கிறதுக்கு அசல் மதிப்பையே வச்சுக்கோங்க.

கன்வேயர்ல பாட்டில் போகுது, சென்சார் ட்ரிகர் குடுக்குது. படம் இழுத்த மாதிரி இருக்கு. அதவிட மோசம், நல்ல பாட்டில் ரிஜெக்ட் ஆகுது, கெட்டது அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடுது. அல்காரிதம் தப்பா?

இதுக்கு கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், ஏன்னா ஆளுங்க கைக்குப் போற பொருள் இது. முதல்ல இழுக்கிறது. கன்வேயர் செகண்டுக்கு அரை மீட்டர் ஓடுது, எக்ஸ்போஷர் 5 மில்லிசெகண்ட்னா அதுக்குள்ள பாட்டில் 2.5 மில்லிமீட்டர் நகந்துடும். 200 மில்லிமீட்டர் அகலத்த 2448 பிக்சல்ல பாக்குறீங்கன்னா ஒரு பிக்சல் 0.08 மில்லிமீட்டர், ஒரு பிக்சலுக்குள்ள அடங்கணும்னா எக்ஸ்போஷர் 160 மைக்ரோசெகண்ட். அவ்ளோ கம்மில படம் இருட்டாயிடும், கெயின ஏத்தாதீங்க, ஸ்ட்ரோப் லைட் போட்டு கேமரா அவுட்புட் லைன்ல இருந்தே அத அடிக்க வைங்க. சென்சார் குளோபல் ஷட்டரான்னும் (படம் முழுசையும் ஒரே நேரத்துல எடுக்குறது) பாத்துக்கோங்க, ரோலிங்னா வரி வரியா எடுக்கும், பாட்டில் சாய்ஞ்சே தெரியும்.

அடுத்தது தப்பான பாட்டில தள்ளுறது. நீங்க அனுப்பின விவரத்த பாத்தா உங்க அல்காரிதம் ஒழுங்காத்தான் இருக்கு, அது பாக்குறது பழைய படம். எஸ்டிகே வர்ற படத்த எல்லாம் பஃபர் க்யூல வரிசையா வைக்கும், ஒரு படத்துக்கு ப்ராசஸிங் கொஞ்சம் லேட் ஆச்சுன்னா க்யூ வளந்துடும், அப்புறம் நீங்க இப்ப எடுத்த படம்னு நினைச்சு பாக்குறது ரெண்டு பாட்டிலுக்கு முன்னாடி உள்ளது. இதுக்கு லேட்டஸ்ட் இமேஜ் ஒன்லி மோட வச்சுட்டா சரியாயிடும்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, அதுல நடுவுல உள்ள படத்த எல்லாம் தூக்கிப் போட்டுடும், லைவ் வியூவுக்கு மட்டும்தான் அது சரி. இன்ஸ்பெக்ஷனுக்கு ஒன் பை ஒன்தான். ஒவ்வொரு படத்தோடயும் வர்ற ஃப்ரேம் ஐடிய எடுங்க, பிஎல்சில (லைன ஓட்டுற கன்ட்ரோலர்) ட்ரிகர் கவுன்ட் வைங்க, ரிசல்ட்ட அந்த நம்பரோட சேத்து அனுப்புங்க, நம்பர் ஒத்து வரலன்னா அந்த பாட்டில சந்தேகம்னு வெளிய தள்ளிடுங்க. பழைய கிக்-ஈ விஷன் 1 கேமராவுல அந்த ஐடி 16 பிட், 65535க்கு அப்புறம் 1க்குத் திரும்பிடும், உங்க கோட் அதுக்கும் தயாரா இருக்கணும். சென்சார் சிக்னல் துள்ளி ஒரே பாட்டிலுக்கு ரெண்டு ட்ரிகர் வந்தாலும் கணக்கு தப்பும், லைன் டிபவுன்ஸர் டைம் (அந்தத் துள்ளல கண்டுக்காம விடுற நேரம்) வைங்க. பஃபர திரும்பக் குடுக்குறதுக்கு முன்னாடி படத்த காப்பி எடுங்க, இல்லன்னா நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே அடுத்த படம் அது மேல எழுதிடும்.

உபுண்டுல ஒரு யூஎஸ்பி3 கேமரா ஓடுது, ரெண்டாவது மாட்டினா ஸ்ட்ரீம் ஆரம்பிக்கவே மாட்டேங்குது.

யூஎஸ்பிஎஃப்எஸ் மெமரி லிமிட், அதாவது யூஎஸ்பி டிவைஸுக்கு லினக்ஸ் ஒதுக்குற பஃபர் அளவு, வழக்கமா 16 எம்பிதான் இருக்கும். 1000 ஆக்குங்க, பூட் செட்டிங்லயே போட்டுடுங்க. ரெண்டையும் ஒரே ஹப்ல மாட்டாதீங்க.

கரன்ட் போயி வந்தா எக்ஸ்போஷர் எல்லாம் பழைய மாதிரி ஆயிடுது.

யூசர் செட் 1ல (கேமராவுக்குள்ள செட்டிங்க சேமிக்கிற இடம்) சேவ் பண்ணிட்டு, ஆன் ஆகுறப்போ எத எடுக்கணும்னு சொல்ற யூசர் செட் டிஃபால்ட்ட அதுக்கு மாத்துங்க. சேவ் மட்டும் பண்ணா போதாது.

நான் ஃபைனல் இயர் படிக்கிறேன் அக்கா, காலேஜ்ல இன்டஸ்ட்ரியல் கேமரா எதுவும் இல்ல. கேமரா இல்லாம இத கத்துக்க முடியுமா?

தாராளமா முடியும்மா. பைலான இலவசமா இறக்கிக்கலாம், அதுல கேமரா எமுலேட்டர் இருக்கு, பைலான் கேமெமுங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல 2ன்னு போட்டா ரெண்டு கேமரா லிஸ்ட்ல வந்து நிக்கும், உங்க சொந்தப் படங்களையே அதுக்குக் குடுத்து ஃப்ரேமா வாங்கலாம். லினக்ஸ்னா அராவிஸோட ஃபேக் கேமரா நெட்வொர்க் வழியா நிஜ கிக்-ஈ விஷன் பாக்கெட்டே அனுப்பும், அத வயர்ஷார்க்ல (நெட்வொர்க் பாக்கெட்ட பிடிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) பிடிச்சுப் பாருங்க, 3956 போர்ட்ல கேமராவும் சாஃப்ட்வேரும் ஒவ்வொரு ரிஜிஸ்டரா கேட்டு பதில் சொல்லிக்கிறது அப்படியே தெரியும். முதல்ல எக்ஸ்போஷர மாத்துற மாதிரி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதுங்க, எந்த பாக்கெட் போகுதுன்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க, அடுத்து ட்ரிகர் எப்படி செட் பண்றதுன்னு சொல்றேன்.