மூக்குக்குப் போட்ட மாத்திரை கண்ணை ஏன் மூடுகிறது?

கேள்வி: தும்மல் தாங்காமல் மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். மூக்கு ஒழுகுவது நின்றது. ஆனால் அலுவலகத்தில் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். வாயும் வறண்டுபோனது. விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் மூக்குக்கு மட்டும் போகிற மாத்திரையைச் செய்யத் தெரியாதா? மூலிகையில் இந்தப் பக்கவிளைவெல்லாம் இல்லையே? ஆங்கில மருத்துவத்துக்கு வக்காலத்து வாங்காமல் பதில் சொல்லவும். (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: சரி, வாங்கவில்லை. உங்களுக்கும் வாங்கப்போவதில்லை.

மாத்திரைக்கு முகவரி தெரியாது. குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை சுற்றும். போகிற இடத்தில் அதைப் பிடித்து உட்காரவைக்க ஆள் இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் சும்மா கடந்து போகும். அந்த ஆளுக்குப் பெயர் ஏற்பி. டாக்டர்கள் ரிசப்டர் என்பார்கள். செல்லின் சவ்வில் செருகி நிற்கிற புரதம் அது. வெளியிலிருந்து வரும் மூலக்கூறு அதில் பொருந்தியதும் புரதம் லேசாக உருவம் மாறும். அந்த அசைவே உள்ளே செய்தியாகிவிடும். செய்தி கொண்டுவந்தவர் வாசற்படி தாண்டவே வேண்டாம்.

உங்கள் கதைக்கு வருவோம். தூசு உள்ளே போனதும் மூக்கில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது எச்1 என்ற ஏற்பியில் உட்கார்ந்தால் ரத்தக்குழாய் கசியும், நரம்பு அரிக்கும், நீங்கள் தும்முவீர்கள். நீங்கள் போட்டது அநேகமாகக் குளோர்பெனிரமைன் வகை மாத்திரையாக இருக்கும். அது செய்வது நம் ஊர் டவுன் பஸ் வேலை: ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது. துண்டு உட்கார்ந்து பயணம் செய்யாது, மற்றவரையும் உட்கார விடாது. ஹிஸ்டமின் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். (கூட்டம் முண்டியடித்து ஏறினால் துண்டு கீழே விழுவதும் உண்டு. தும்ம ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுவதைவிட முன்கூட்டியே போட்ட மாத்திரை நன்றாக வேலை செய்வது இதனால்தான்.)

இப்போது தூக்கம். மூளையின் அடியில், ஹைபோதலாமஸ் பகுதியில், ஒரு சிறு நரம்புக் கூட்டமும் ஹிஸ்டமினைத்தான் தயாரிக்கிறது. அங்கே அதன் வேலை உங்களை விழிப்பாக வைத்திருப்பது. ஏற்பியும் அதே எச்1தான். மூக்கில் தும்மலாக இருப்பது மூளையில் விழிப்பாக இருக்கிறது. பழைய வகை மாத்திரைகள் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் மூளைக்கு இருக்கிற தடுப்பையும் தாண்டிப்போய் அங்கேயும் துண்டு போடுகின்றன. மேஜை தலையணையானது இப்படி.

வாய் வறண்டது வேறு வழக்கு. உமிழ்நீரைச் சுரக்கச் சொல்வது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு மூலக்கூறு. அது உட்காருவது மஸ்கரினிக் என்ற வேறு ஏற்பியில். அந்த சீட்டும் கொஞ்சம் இதே சாயலில் இருப்பதால் உங்கள் மாத்திரை அங்கேயும் ஒரு துண்டைப் போட்டுவிட்டது.

இதில் எது பக்கம், எது நடு? டைஃபென்ஹைட்ரமைன் என்று இதே குடும்பத்து மருந்து ஒன்று உண்டு. நம் ஊரில் இருமல் சிரப்பில் இருக்கும். அமெரிக்காவில் அதையே தூக்க மாத்திரையாகவும் கடையில் விற்கிறார்கள். அங்கே தூக்கத்துக்காக அதை வாங்குபவருக்கு மூக்கு காய்வதுதான் பக்கவிளைவு.

மூளையைத் தொடாத மாத்திரை கேட்டீர்கள் அல்லவா, அதைச் செய்து பல வருஷம் ஆகிறது. ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் எட்டிப்பார்த்தாலும் அங்கே காவலுக்கு நிற்கும் ஒரு புரதம் வெளியே தள்ளிவிடும். இதற்கு முன்னோடியாக வந்தது டெர்ஃபெனடின். தூக்கம் தராது என்று கொண்டாடினார்கள். அப்புறம் பார்த்தால் சில மருந்துகளோடு சேரும்போது ரத்தத்தில் தங்கி, இதயத்தின் பொட்டாசியம் வாயிலை அடைத்து, துடிப்பையே தாறுமாறாக்கியது. 1990களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளிலிருந்து போய்விட்டது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள்தான் ஃபெக்ஸோஃபெனடின். இதயத்துக்கு அந்தத் தொல்லை இல்லாமல் மருந்தாகிவிட்டது. போதுமா, வக்காலத்து வாங்கவில்லை என்பதற்கு அத்தாட்சி?

மூலிகைக்கு வருகிறேன். ஏற்பி என்ற ஒன்று இருக்க வேண்டும் என்ற யோசனையே செடியிலிருந்து வந்ததுதான். கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்ற உடலியல் ஆய்வாளர் 1905இல் புகையிலையின் நிகோட்டினையும், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரே என்ற தாவர நஞ்சையும் தசையில் விட்டுப் பார்த்தார். நரம்பை வெட்டி அது செத்துப்போன பிறகும் நிகோட்டின் தசையைச் சுருக்கியது. குராரே அதைத் தடுத்தது. ஆனால் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் தசை சுருங்கியது. ஆக, இரண்டு நஞ்சும் சண்டை போடுவது நரம்பிலும் இல்லை, சுருங்கும் இயந்திரத்திலும் இல்லை. நடுவே எதையோ ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்கிறது என்றார்.

அபினும் அப்படித்தான். அபினில் இருக்கிற மார்ஃபின் உட்காரும் ஏற்பி மூளையில் இருக்கிறது என்று 1973இல் காட்டினார்கள். கசகசாச் செடியை எதிர்பார்த்தா நம் மூளை சீட் போட்டு வைத்திருக்கும் என்று தேடிப்போனதில், 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினை எடுத்துக் காட்டினார்கள். உடம்பு தனக்காகத் தயாரிக்கும் வலிநிவாரணி. செடி அந்த சீட்டில் ஓசியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏற்பிக்கு வந்தது தொழிற்சாலையிலிருந்தா தோட்டத்திலிருந்தா என்று விசாரிக்கத் தெரியாது.

உங்கள் வாய் வறட்சிக்கே பெரியண்ணன் ஒருவர் இருக்கிறார்: ஊமத்தை. அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமினும் அதே மஸ்கரினிக் சீட்டை முழுக்க வளைத்துப் போட்டுவிடும். நாக்கு ஒட்டிக்கொள்ளும், கண்மணி விரியும், சிறுநீர் வராது, ஆள் பிதற்ற ஆரம்பிப்பார். தெரிந்த சித்த வைத்தியர் யாரும் மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டார். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் அவர் தொடுவதில்லை. பத்தியம் சொல்லாமல் உங்களை அனுப்புவதில்லை. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பக்கவிளைவு இல்லை என்பது விளம்பரக்காரர் கண்டுபிடிப்பு.

அதே அட்ரோபின்தான் பூச்சிமருந்து குடித்துவிட்டவரை அரசு மருத்துவமனையில் பிழைக்க வைப்பதும். ஆர்கனோபாஸ்பேட் விஷம், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். சிதையாத அசிட்டைல்கோலின் குவிந்து, நுரையீரலில் நீர் சுரந்து மூச்சை அடைக்கும். நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பில் நீர்ச்சத்தம் அடங்கி, அக்குள் காய்ந்து, நாடி ஏறும்வரை அட்ரோபினை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் குறைப்பட்ட வறட்சிக்காகத்தான் அங்கே காத்திருக்கிறார்கள். அப்படியும், தசையில் அசிட்டைல்கோலின் உட்காருகிற நிகோட்டினிக் என்ற இன்னொரு ஏற்பி அட்ரோபினுக்குப் பிடிபடாது. மூச்சுத் தசை தளர்ந்தால் வென்டிலேட்டர்தான்.

உங்கள் விஷயத்துக்கு இரண்டே வேண்டுகோள். அந்த மாத்திரை போட்ட நாளில் பைக்கை எடுக்காதீர்கள். வீட்டில் புராஸ்டேட் வீங்கிய அப்பாவோ கண் நீர் அழுத்தம் உள்ள அம்மாவோ தும்மினால், 'எனக்கு நின்றுபோனதே' என்று மிச்சமிருக்கும் பட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுக்காதீர்கள். ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்த ஒரு மாத்திரையைச் சொல்ல யாருக்கும் தோன்றாது.