மணிக்கட்டு அறுவை சிகிச்சையும் மரப் பட்டறையும்: கேள்வி பதில்

வாசகர்கள் பலரின் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர் கை மறுவாழ்வுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய இயன்முறை மருத்துவர். வீட்டுக் கொல்லையில் சிறு பட்டறை வைத்திருக்கும் அவர், தமது வலது மணிக்கட்டிலும் இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர்.

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வுக்குப் பிறகு முக்காலி, அலமாரி செய்து பழகி வருகிறேன். இரவில் வலக்கை விரல்கள் மரத்து உறக்கம் கலைகிறது. கார்ப்பல் டனல் என்று கூறி, அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும், ஐயா?

பதில்: மணிக்கட்டில் எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு பிணைநாருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் மீடியன் நரம்பு நசுங்குவதே இந்நோய். அப்பிணைநாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பதே சிகிச்சை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்த ஒரு நாளைவிட, அதன் பின் வரும் வாரங்களுக்கே நீங்கள் அதிகம் ஆயத்தமாக வேண்டும்.

முதலாவதாக, பாதி முடிந்த வேலை எதையும் பட்டறையில் விட்டுவைக்காதீர்கள். நான் பசை போட வேண்டிய ஒரு முக்காலியை அப்படியே விட்டுவிட்டு, அது கண்ணை உறுத்தியதால் இரண்டாம் வாரமே, ஒட்டும் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் பிடியை முறுக்கி, உள்ளங்கை வீங்கிப் போய் மருத்துவரிடம் திட்டு வாங்கினேன். உளிகளையும் இழைப்புளித் தகட்டையும் இப்போதே சாணை பிடித்து வையுங்கள். மழுங்கிய உளி பிற்பாடு உங்கள் கையிடம் இருமடங்கு அழுத்தம் கேட்கும். அறுவைக்கு ஒரு வாரம் முன்பே முரட்டு வேலைகளை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அந்தக் கையில் சிராய்ப்போ, சிலாம்பு ஏறிச் சீழ்பிடித்த புண்ணோ இருந்தால் தேதியைத் தள்ளி வைத்துவிடுவார்கள். மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கும், இரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறேன். நானே நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் அறுவை மருத்துவரிடம் காட்டி, எதை எந்த நாளில் நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து மூன்று நாளாகிறது. கரண்டி பிடிக்க முடிகிறது. ஒரு சிறிய பெட்டியை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: விரல்களை மடக்கி நீட்டுவதை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியும் வைத்திருக்க வேண்டும். மரத்தூளுக்கு மட்டும் இப்போது இடம் தராதீர்கள். தையல் பிரிப்பதற்கு வழக்கமாக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்குமுன் புண்ணில் தூள் படிவது சீழுக்கு வழிவகுக்கும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூள் நல்ல தோலிலேயே சிலருக்கு அரிப்பை உண்டாக்கக்கூடியது. கை துறுதுறுத்தால் இடக்கையால் அடுத்த வேலைக்கு வரைபடம் போடுங்கள்.

கேள்வி: ஆறு வாரம் ஆகிவிட்டது, வலியே இல்லை. மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டரையும் மேசை ரம்பத்தையும் எப்போது தொடலாம்?

பதில்: நம் போன்றோர் தவறிழைப்பது இங்கேதான். வலி போய்விட்டது என்பது கை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு அடையாளமன்று. பிடிப்பு வலிமை அறுவைக்கு முன்பிருந்த நிலைக்கு வரவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகலாம். பாதிக்கப்பட்ட நரம்பு இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. அளவே வளரும் என்பதால், நெடுநாள் மரத்துப்போயிருந்த விரல்நுனியில் உணர்ச்சி திரும்ப அதைவிடவும் நாளாகலாம். ரம்பத்தின் பல்லருகே செல்லும் விரலுக்கு உணர்ச்சி இல்லையென்றால், அதை நீங்கள் அறிவது தாமதமாகவே இருக்கும்.

என் நோயாளிகளுக்கு நான் வைத்த சோதனை எளியது: கண்ணை மூடிக்கொண்டு, சட்டைப்பையில் கிடக்கும் நாணயம், திருகாணி, சாவி ஆகியவற்றைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டே அடையாளம் காண வேண்டும். அதில் தேறி, மருத்துவரும் ஒப்புக்கொண்ட பிறகு, முதலில் கைரம்பம், பிறகு இழைப்புளி என்று பத்து பத்து நிமிடமாக ஏறுங்கள். அதிர்வு தரும் சாண்டரும் (உப்புத்தாள் பொருத்திய மின்கருவி) ரவுட்டரும் கடைசியில் வரட்டும். உளியின் பிடி அழுத்தும் இடமும் தழும்பும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், உள்ளங்கையால் உளியைத் தள்ளுவதை விட்டுக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். பிடிக்குத் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையும் குறையும்.

கேள்வி: எனக்குக் கையில் அல்ல, குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிளைவுட் தூக்கலாமா?

பதில்: எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. பலகை ஒன்று 30 கிலோவைத் தாண்டும். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அதை நினைக்கவே வேண்டாம். கடையிலேயே அறுத்து, துண்டுகளாக வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கார்ப்பல் டனலால் எனக்குக் கட்டைவிரலின் அடிச்சதை ஏற்கெனவே வற்றிவிட்டது. அறுவைக்குப் பின் பழையபடி ஆகுமா?

பதில்: முழுமையாகத் திரும்பும் என்று உறுதி கூற இயலாது, இரவு வலியும் மரப்பும் குறைவதையே முதலில் எதிர்பாருங்கள். நுணுக்கச் செதுக்கலில் உளியை வழிநடத்தும் பொறுப்பை இடக்கைக்கு மாற்ற இப்போதே பழகத் தொடங்கலாம். மாமரத் துண்டொன்றை வைஸில் (பட்டறை மேசையின் இடுக்கியில்) இறுக்கி, தினமும் நேர்க்கோடு ஒன்றை மட்டும் வெட்டிப் பாருங்கள்.