தரங்கம்பாடிக்கு பஸ்ஸிலேயே போய் வரலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம், சொந்த வண்டி கிடையாது. நான், கணவர், எட்டாவது படிக்கும் மகன், 68 வயது மாமியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற மாதிரி தரங்கம்பாடி போய்வர ஆசை. அப்படியே பூம்புகார், திருக்கடையூர், காரைக்கால் மூன்றையும் பார்த்துவிடலாமா? தயவுசெய்து ‘டாக்ஸி பிடியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: டாக்ஸி வேண்டாம், சரி. பூம்புகாரும் காரைக்காலும்கூட வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நாளில் நான்கு ஊர் என்று கிளம்பினால் நான்கு பஸ் ஸ்டாண்டுகளைத்தான் நன்றாகப் பார்ப்பார்கள். தரங்கம்பாடி ஒன்றே போதும், நேரம் மிஞ்சினால் திருக்கடையூர். அதற்கு அப்புறம் வருகிறேன்.

திட்டத்தைத் திரும்பி வருவதிலிருந்து தொடங்குங்கள். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு மாலையில் எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். (ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்பதையும் சேர்த்து. சில பாசஞ்சர் ரயில்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு.) அந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்தால் வருவது நீங்கள் தரங்கம்பாடியில் பஸ் ஏற வேண்டிய நேரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், இறங்கிய பிறகு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போவதும் அந்தக் கணக்கில் வராது. மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு நடைமேம்பாலம் ஏறுகிற நேரமும் இருக்கிறது. அந்த ரயிலுக்கு அடுத்து இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கும்பகோணம் வழியாக பஸ் இருக்கவே இருக்கிறது, நேரம்தான் கூட ஆகும்.

போகும்போது விடிகாலை ரயில். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம், கும்பகோணம், குத்தாலம் வழியாக மயிலாடுதுறை சுமார் 70 கிலோமீட்டர். முன்பதிவில்லா டிக்கெட்டைச் செல்போனிலேயே எடுத்துவிடலாம், கவுன்ட்டர் வரிசையில் நின்று ரயிலை விட வேண்டியதில்லை. மயிலாடுதுறையில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒட்டி இருக்காது. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் ‘பஸ் ஸ்டாண்டு’ என்று மொட்டையாகச் சொல்லாமல் ‘பொறையாறு பஸ் ஏறுகிற இடம்’ என்று சொல்லுங்கள்.

ஏன் பொறையாறு? பஸ் பலகையில் தரங்கம்பாடி என்று தேடினால் கண் பூத்துப்போகும். பலகையில் இருப்பது பெரும்பாலும் பொறையாறு, காரைக்கால், நாகப்பட்டினம் இப்படித்தான். ஏறுவதற்கு முன் கண்டக்டரிடம் ‘திருக்கடையூர் வழியா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகிற பஸ் உங்களைத் தரங்கம்பாடியிலேயே இறக்கிவிடும். சங்கரன்பந்தல் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்றால் பொறையாறில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ இன்னொரு பஸ்ஸோ பிடிக்க வேண்டும், சில கிலோமீட்டர்தான். இன்னொன்று: சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் கிடையாது. எக்ஸ்பிரஸ் என்றால் நான்கு பேருக்கும் காசுதான். இதைத் தெரியாமல் கண்டக்டரோடு வாக்குவாதம் செய்கிறவர்களை அந்தப் பக்கம் தினமும் பார்க்கலாம்.

மெயின் ரோட்டில் இறங்கியதும் கடல் பக்கம் திரும்பி நடங்கள். வெள்ளையடித்த நுழைவாயில் ஒன்று வரும், 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜா வீதி நேராகக் கடலில் போய் முடியும். பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரே தெருவில்தான் இருக்கிறது: 1701ஆம் ஆண்டு சீயோன் தேவாலயம், 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் தேவாலயம், கவர்னர் மாளிகை, கடைசியில் வலது பக்கம் கோட்டை. அதனால்தான் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக இந்த ஊர் தோது என்கிறேன். ஏற்றம் இறக்கம் கிடையாது, தெருவில் வண்டி நடமாட்டமும் குறைவு. கோட்டைக்குள் மட்டும் படி ஏற வேண்டும். மாமியார் கீழே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.

நீங்கள் போவது ஞாயிற்றுக்கிழமை என்பதால், தேவாலயத்தில் காலை ஆராதனை நடந்துகொண்டிருக்கும். அது இன்றும் சபை கூடுகிற கோயில், காட்சிப் பொருள் இல்லை. ஆகவே முதலில் கடற்கரைக்குப் போய்விடுங்கள். கிழக்கே பார்த்த கரை, காலை வெயில் கோட்டையின் கடல் முகத்தில் நேராக விழும், படம் எடுக்க அதுதான் நேரம். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். பத்து மணிவாக்கில் கோட்டை அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே போய் வந்து, அதற்குப் பிறகு தேவாலயங்கள். நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் அந்தத் திடலில் நிற்க முடியாது.

திருக்கடையூர்? கோயில் நடை மதியம் சாத்திவிட்டு மாலை நான்கு மணி சுமாருக்குத்தான் திறக்கிறார்கள். திரும்பும் ரயில் ராத்திரி ரயிலாக இருந்தால் தாராளமாக இறங்கி அபிராமியைக் கும்பிட்டுவிட்டு வரலாம், வழியில்தான் இருக்கிறது. சீக்கிரம் ரயில் என்றால் விட்டுவிடுங்கள். மாமியாருக்குக் கோயில்தான் முக்கியம் என்றால் திட்டத்தைத் தலைகீழாக்கி, காலையில் திருக்கடையூரில் இறங்கிவிட்டு, வெயிலோடு தரங்கம்பாடியைப் பாருங்கள். வீட்டில் யாருடைய பேச்சு எடுபடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் நுழையவே முடியாது, பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: சரித்திரம் தெரியாமல் போனால் எல்லாம் பழைய கட்டிடம் மாதிரிதான் தெரிகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல நாலு விஷயம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயமான கேள்வி. கோட்டையில் இருக்கிற பலகைகளை நம்பிப் போகாமல், ரயிலிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள்.

1620இல் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் இங்கே வியாபாரம் செய்ய டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் தங்க ஓலையில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. எழுத்து தமிழ், கையெழுத்து தெலுங்கு. அந்த வருஷமே எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. 225 வருஷம் வைத்திருந்துவிட்டு, 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டார்கள். அப்புறம் துறைமுகம் படுத்தது. 1860களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கும் 1926இல் மயிலாடுதுறையிலிருந்து ரயில் விட்டார்கள், எண்பதுகளில் அதையும் நிறுத்தினார்கள். இப்போது நாம் பஸ்ஸில் போவதற்கு அதுதான் காரணம். வளராமல் நின்றுபோன ஊர் என்பதால்தான் தெருக்கள் இன்னும் அதே வரிசையில் இருக்கின்றன, நாம் டிக்கெட் எடுத்து அதைப் பார்க்கப் போகிறோம்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது சீகன்பால்கு கதை. 24 வயசு வாக்கில், 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி அ, ஆ படித்தவர். டேனிஷ் கவர்னருக்கும் அவருக்கும் ஆகவில்லை. 1708இல் இதே கோட்டைக்குள் நான்கு மாதம் போல அடைத்துவைத்தார்கள். 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்ததால் காகிதம் தீர்ந்துகொண்டே போனது. சரி என்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடம் அந்தப் பெயரோடு இன்றும் இருக்கிறது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, 1719இல் அவர் இறந்தார், 36 வயசு. ராஜா வீதியில் அவரே கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்தான் கல்லறை. தமிழில் அச்சிட்ட முதல் புத்தகமே இங்கேதான் வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் மட்டும் தலையாட்டாதீர்கள், 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது.

கோட்டையோடு திரும்பிவிடாமல் கரையோரம் வடக்கே நடந்து மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். டேனிஷ்காரர்களுக்கு 300 வருஷம் முந்தியது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். அக்காலக் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கரையில் கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளை இழுத்துப் பிடியுங்கள், பாசி வழுக்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஒரே நாளில் முடியுமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பகலில் முடியாது. மயிலாடுதுறைக்கே ரயிலில் 280 கிலோமீட்டர் இருக்கிறது. ராத்திரி ரயிலில் வந்து, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் விடியும்வரை இருந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, அன்று ராத்திரியே ரயிலேறினால் ஒரு பகல் முழுசாகக் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம் போகிற ராத்திரி பஸ்ஸும் தரங்கம்பாடியைத் தொட்டுத்தான் போகிறது, ஆனால் அது உங்களை இருட்டில் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். டீக்கடைகூடத் திறந்திருக்காது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.

கேள்வி: சாப்பாடு, கழிப்பறை வசதி எப்படி? யாரும் இதைப் பற்றி எழுதுவதே இல்லை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எழுதியிருக்க வேண்டும்தான். கோட்டைப் பக்கம் குளிர்பானம், வேர்க்கடலை, ஐஸ் இவைதான் நம்பிக்கையாகக் கிடைக்கும். வாசலுக்கு உள்ளே வயிறார மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் கடற்கரைத் தங்கும் விடுதியில் விசாரிக்கலாம், விலை விடுதி விலைதான். சாதாரணச் சாப்பாட்டுக்குப் பொறையாறு கடைத்தெரு. வீட்டில் புளிசாதம் கட்டுகிற வழக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தண்ணீரையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷனிலேயே போய்விட்டு வருவது உத்தமம்.

கேள்வி: பையனுக்கு வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை. கூட்டமில்லாமல் அன்றைக்கே போய்வரலாமா?
- ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. சனிக்கிழமை போங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வானிலை அறிக்கையையும் கேட்டுவிட்டுப் போங்கள். புயல் சின்னம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கடற்கரையில் ஆளையே விடமாட்டார்கள்.