எம்.பி.பி.எஸ். முடித்தபின் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்குப் போகலாமா? அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர். மகள் ஹவுஸ் சர்ஜன்சி முடிக்கப் போகிறாளாம். சம்பளம் எப்படி, நாகர்கோவிலில் இருந்துகொண்டே செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். நானும் தக்கலைப் பக்கம்தான். பேத்தாலஜி எம்.டி. முடித்து, அப்புறம் பிஎச்.டி. செய்து, பரம்பரையாக வரும் புற்றுநோய்களின் ஜீன்களில் வேலை பார்க்கிறேன்.

சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம். பிஎச்.டி. காலத்தில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அந்தச் சமயத்தில் கூடப் படித்தவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சுக்குக் கூப்பிடுவார்கள். போய் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். இது உறுத்தும் என்றால் இந்தப் பாதை வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் சில, குடும்பங்களின் கணக்கைப் பொறுமையாகப் பார்த்ததில் கிடைத்தவை. ஆல்ஃபிரட் நுட்சன் குழந்தை மருத்துவர், மரபியலில் பிஎச்.டி.யும் வாங்கியவர். 1971இல் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்று வந்த 48 குழந்தைகளின் விவரத்தை எடுத்து, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணிலா இரண்டிலா என்று மட்டும் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரமே வந்திருந்தது. அவர்கள் ஜீனில் ஒரு பழுதோடு பிறக்கிறார்கள், இன்னும் ஒரே ஒரு அடி விழுந்தால் போதும். மற்றவர்களுக்கு இரண்டு அடியும் பிறந்தபின் விழவேண்டும் என்று அந்த வயதுக் கணக்கை வைத்தே சொன்னார். அந்த ஜீன் கையில் கிடைத்தது 1986இல்.

அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் கதையும் அப்படித்தான். 1974இல் தொடங்கி, 23 பெரிய குடும்பங்களில் மார்பகப் புற்று வந்த 146 பேரைத் தொடர்ந்து, இளவயதில் நோய் வந்த குடும்பங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் 1990இல் 17ஆம் குரோமோசோமில் அந்த ஜீனின் இடம் பிடிபட்டது. அதுதான் பி.ஆர்.சி.ஏ.1, பழுதானால் மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரக்கூடிய ஜீன். அதைப் பிரித்தெடுக்க இன்னும் நான்கு வருடம் ஆனது.

எங்கள் வேலையும் ஒரு தாளில்தான் தொடங்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவரை நிரப்பிவிடு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. வரைவது சுலபம், விவரம் வாங்குவதுதான் பாடு. ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் தன் தங்கையைப் பற்றி, "அவளுக்கு கேன்சர் ஒண்ணும் இல்ல மக்ளே, வயித்துல வெள்ளம் கெட்டிச்சு, அவ்வளவுதான்" என்றார். வயிற்றில் நீர் கோத்து நாற்பது சொச்சத்தில் போன பெண் என்றதும் எனக்குச் சினைப்பைப் புற்றுதான் நினைவுக்கு வரும். அதை அங்கே சொல்லக் கூடாது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள்.

நம் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. சொந்தங்கள் கருங்கல், குளச்சல், திங்கள்சந்தை என்று ஒரு பஸ் தூரத்தில்தான் இருப்பார்கள். வீட்டுப்பேரைச் சொன்னால் உறவு பிடிபடும். கடற்கரை ஊர்களில் பங்குக் கோயில் பதிவேட்டைக் காட்டினார்கள் என்றால் இறந்தவர் வயது சரியாகக் கிடைக்கும். சிகிச்சைக்குப் பலர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் சிலர் சென்னைக்கும் போயிருப்பதால், இறந்துபோன சித்தியின் பாரஃபின் பிளாக் (கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து வைத்தது) எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தேடுவது ஒரு தனி வேலை. தேடிக் கொண்டுவந்தாலும் திசு கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிப்பெட் பிடிக்கக் கொஞ்ச நாளில் பழகிவிடும், சீக்வென்சிங்கை, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளை வாசிப்பதை, இயந்திரம் பார்த்துக்கொள்ளும். சிக்கல் ரிப்போர்ட் வந்தபின்தான்.

2015இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த முறைப்படி ஜீன் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம். ஒரு முனையில் நோய் தருவது, மறுமுனையில் தீங்கற்றது. நடுவில் இருப்பது 'என்ன என்று தெரியவில்லை' வகை. நம் ஆட்களுக்கு அடிக்கடி வருவது இந்த நடு வகைதான். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரே இருப்பதால், இங்கே சாதாரணமாக இருக்கும் ஓர் எழுத்து மாற்றம்கூட அங்கே விநோதமாகத் தெரியும். ஜீனோம் இந்தியா திட்டம் 2025 ஜனவரியில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது பெரிய உதவி. 2018இல் சியாட்டில் குழு ஒன்று பி.ஆர்.சி.ஏ.1இன் முக்கியப் பகுதிகளில் ஏறக்குறைய 4,000 ஓரெழுத்து மாற்றங்களைச் செல்களில் உண்டாக்கி, எது ஜீனைக் கெடுக்கிறது என்று சோதித்துவிட்டது. அதற்குமேலும் சந்தேகம் இருந்தால் பழைய வழிதான்: நோய் வந்த அத்தைக்கு அந்த மாற்றம் இருக்கிறதா, வயதாகியும் நோய் வராத பெரியம்மாவுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் ரத்தம் கேட்டுப் போகவேண்டும். "மருமகளுக்குத் தெரியப்படாது" என்ற நிபந்தனையோடுதான் பல வீடுகளில் கை நீட்டுவார்கள்.

இந்த நடு வகை ரிப்போர்ட்டை மட்டும் நம்பி யாரும் சினைப்பையை எடுத்துவிடக் கூடாது. எடுக்கத் தயாராக வந்து நிற்பவர்களை நிறுத்துவதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

முறைப்பெண் கல்யாணத்தில் இன்னொரு சங்கதி உண்டு. பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுகளைப் பரம்பரையாகத் தரும் லிஞ்ச் சின்ட்ரோம் ஜீன் பழுது அப்பா, அம்மா இருவரிடமும் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால், சிறுவயதிலேயே மூளைக்கட்டியோ ரத்தப் புற்றோ வரலாம். தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கும். அபூர்வம்தான், ஆனாலும் சொந்தத்தில் கட்டும் ஊர்களில் டாக்டர்கள் இதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

இந்த வேலை என்று சொன்னாலே ஊரில் எல்லாரும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா என்று கேட்பார்கள். அந்த மணலில் உள்ள மோனசைட் தாதுவில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பது உண்மை. அதேபோன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்து பார்த்து, 2009இல் முடிவு வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது வேறு கடற்கரை, அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் 'மணல்தான் காரணம்' என்று அடித்துச் சொல்பவர்களுக்கும் ஆதாரம் வேண்டும் அல்லவா?

எனக்கென்னவோ மணலைவிட வெற்றிலைப் பெட்டி மேல்தான் பயம். நெய்யூர் மிஷன் மருத்துவமனை டாக்டர் பென்டால் 1908இலேயே திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஓர் 1933இல் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வாய்ப்புற்று என்று வந்தால், ஜீனுக்கு முன் நான் கேட்பது பாக்கையும் புகையிலையையும்தான். மொத்தப் புற்றுநோய்களில் நேரடியாகப் பரம்பரையில் வருபவை 5 முதல் 10 சதவீதம்தான்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டே செய்ய முடியுமா? பயிற்சிக் காலத்தில் முடியாது. அடையாறு புற்றுநோய் நிறுவனம், திருவனந்தபுரத்து ஆர்.சி.சி., ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிக்கூடமான ஆக்ட்ரெக் மாதிரி இடங்களுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். திரும்பி வந்தபின் முடியும். ரத்தத்தை அனுப்பி டி.என்.ஏ. வாசிக்க எத்தனையோ இடம் உண்டு. குடும்ப விவரம் எடுக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே குறைவு.

மகளிடம் பேத்தாலஜி அல்லது ஜெனரல் மெடிசின் எம்.டி. எடுத்துவிட்டுப் பிஎச்.டி.க்குப் போகச் சொல்லுங்கள். எம்.டி. சீட்டு எடுக்கும் முன், மரபணு ஆலோசனை நடக்கும் மருத்துவமனை ஒன்றில் அனுமதி வாங்கிச் சில நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அரைமணி நேரம் அத்தை மாமி கதை கேட்பது அவளுக்கு அலுப்பாக இருந்தால் ரேடியாலஜி நல்ல துறை, வருமானமும் நன்றாக இருக்கும்.